நாள்பட்ட ரொட்டிதான் வேண்டும்!

போர்ச்சுகலில் கிறிஸ்துமஸ் பலகாரம் ஒன்றுக்காக ரொட்டியை முன்கூட்டியே வாங்கிப் பழசாக விட்டுவிடுவார்கள். விறைத்துப்போன அந்த ரொட்டியை விரல் கனத்துக்கு வில்லை போட்டு, பட்டையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துக் காய்ச்சிய பாலில் ஊறவைத்து, அடித்த முட்டையில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பார்கள். மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவினால் ரபனாடா தயார். கிறிஸ்துமஸ் இரவில் தட்டு நிறைய இருக்கும். மிச்சமானது மறுநாள் காலைப் பலகாரம்.

நாம் பாம்பே டோஸ்ட் என்றும் பிரெஞ்ச் டோஸ்ட் என்றும் சொல்வதற்கு இது நெருங்கிய உறவு. பிரெஞ்சுக்காரர்களோ அதை ‘பான் பெர்தூ’ என்பார்கள். ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்று பொருள். இவ்வளவு ருசியான பண்டத்துக்கு அந்தப் பெயரை வைக்க எப்படி மனம் வந்ததோ!

எல்லா ஊரிலும் பழைய ரொட்டியைத்தானே தேடுகிறார்கள், ஏன்? மீந்ததை வீணடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். இன்று வாங்கிய ரொட்டியில் ஒரு துண்டு, இரண்டு நாள் ஆனதில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் வேண்டாம். இரண்டையும் பாலில் ஊறவிட்டு மெல்லத் தூக்குங்கள். புதுத்துண்டு கூழாகிக் கையோடு பிய்ந்து வரும். பழைய துண்டு பாலைக் குடித்துக் கனத்திருந்தாலும் உருக்குலையாமல் வரும்.

‘காய்ந்துபோனதால்தான் உறுதி’ என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1852இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஈரம் துளியும் வெளியேறாதபடி ரொட்டியைக் காற்றுப்புகாமல் மூடி வைத்தார். அப்போதும் அது விறைத்தது! அதையே சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார். மறுபடி மென்மையானது. ஈரம் போவது மட்டுமே காரணமில்லை என்று புரிந்துவிட்டது அல்லவா?

உண்மையான காரணம் மாவுச்சத்தில் இருக்கிறது. ரொட்டி வேகும்போது மாவுச்சத்தின் நீளமான மூலக்கூறுகள் நீரை உறிஞ்சி, உப்பி, கலைந்து கிடக்கும். ஆறியபிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடொன்று நெருங்கி வரிசை கட்டும். வரிசை இறுக இறுக ரொட்டியும் விறைக்கும். காலையில் பூப்போல இருந்த இட்லி மாலையில் கட்டியாவதும், ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இதே கதைதான். ஃபிரிட்ஜின் குளிரில் இந்த வரிசை இன்னும் வேகமாக உருவாகும். அதனால் ரொட்டியை மென்மையாக வைத்திருக்க ஃபிரிட்ஜ் உதவாது.

ரபனாடாவில் பட்டை மணக்கிறதே, 1505இல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்ச்சுகீசியர் அங்கே காலூன்ற அது ஒரு பெரிய காரணம். ரொட்டியை இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்கிறார்கள். அதுவும் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். பாவ் பாஜியில் வரும் ‘பாவ்’ அதற்கு உடன்பிறப்பு.

இனி அடுப்புக்குப் போவோம். பொரிப்பது பெரியவர்களின் வேலை. நீங்கள் சற்றுத் தள்ளி நின்று கண்ணையும் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் புரதங்கள் நூலுருண்டை போலச் சுருண்டு மிதக்கும். சூடு பட்டதும் உருண்டை பிரிந்து, நூலோடு நூல் பின்னி வலையாகும். அந்த வலைதான் பாலை உள்ளே பிடித்து வைக்கிறது.

வில்லையை எண்ணெயில் இறக்கியதும் ‘சொர்ர்’ என்று நுரை கிளம்பும். மேல்தோலில் உள்ள நீர்தான் ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியேறுகிறது. எண்ணெய் 170 டிகிரியில் இருந்தாலும், தோலில் நீர் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால்தான் முதலில் நிறமே மாறாது. சத்தம் தணியத் தணிய, தோல் உலர்ந்து சூடேறும். 140 டிகிரியை நெருங்கும்போது முட்டை, பால் இவற்றின் புரதமும் பாலிலுள்ள சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமாகும். அடுக்களை முழுக்க மணக்கும். இதை 1912இல் விளக்கியவர் லூயி காமீய் மையார். அவர் பெயரால் இது மையார் வினை. தோசை முறுகும்போதும் காபிக்கொட்டை வறுபடும்போதும் இதே வினைதான்.

பொரித்த வில்லையை ஆறவிட்டுப் பிட்டுப் பாருங்கள். வெளியே மெல்லிய பழுப்புத் தோல், உள்ளே தளதளவென்று பஞ்சு. அவ்வளவு விறைத்திருந்த ரொட்டியா இது? பூசங்கோவின் சோதனைதான் வாணலியில் மறுபடி நடந்திருக்கிறது. உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்தின் வரிசை கலைந்துவிட்டது. இம்முறை அது உறிஞ்சிக்கொள்ளப் பக்கத்திலேயே பட்டை மணக்கும் பாலும் இருந்தது.