வீட்டுக்குள் வை-பை: பெட்டியின் விலையா, வைக்கும் இடமா?

இணையம் வசதி படைத்தவர்களின் வீட்டுப் பொருள் என்றிருந்த காலம் போய்விட்டது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்த செய்திகளை அன்று மலைநாட்டுப் பக்கமிருந்து அறிந்தோம். பாடசாலைகள் திறந்த பின்னரும் தேவை குறையவில்லை. பரீட்சைப் பெறுபேறு, தம்புள்ளைச் சந்தை விலை, மழை எச்சரிக்கை, வெளிநாட்டிலுள்ள மகனின் முகம் ஆகிய யாவும் இன்று இவ்வழியாகவே வீட்டுக்கு வருகின்றன.

சொந்தக் காணியை விட்டு உறவினர் வளவிலும் நலன்புரி நிலையங்களிலும் தற்காலிக வீடுகளிலும் இருக்கும் எமது குடும்பங்களுக்கு இதில் மேலும் சில சிரமங்கள் உண்டு. தகரம் அடித்த வீட்டுக்குள் அலை இலகுவில் நுழைவதில்லை. கையில் பணமும் அதிகமில்லை. அடுத்த வருடம் எந்த இடத்தில் இருப்போம் என்பதும் நிச்சயமில்லை. இந்நிலையில், வை-பை தரும் ரவுட்டர் என்னும் பெட்டியைக் கடன்பட்டு வாங்கி, அது சரியாக வேலை செய்யாவிட்டால் இன்னொன்றுக்குக் கடன்படுவது பெரும் நட்டம். ஆகவே நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இதுதான்: பெட்டியை மாற்றுமுன் அது இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

கிணறும் வாய்க்காலும்

சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பிடிப்பது முதலாவது வேலை. அதனை வை-பை அலையாக வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளுக்கும் கணினிக்கும் பகிர்ந்து கொடுப்பது இரண்டாவது வேலை. முதலாவதைக் கிணறு என்றும் இரண்டாவதை வாய்க்கால் என்றும் வைத்துக்கொள்வோம். கிணற்றில் நீர் இல்லாதபோது வாய்க்காலைத் திருத்திப் பயனில்லை. கிணறு நிரம்பியிருந்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் கிணற்றை ஆழமாக்கிப் பயனில்லை. எனவே குறை எதில் உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இதனை அறிவது சுலபம். ரவுட்டரிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்று ஒரு காணொளியைப் பாருங்கள். பக்கத்தில் நின்றும் அது தடைப்பட்டால் குறை பெரும்பாலும் கோபுரப் பக்கத்தில். பக்கத்தில் நன்றாக ஓடி, அடுத்த அறையில் தடைப்பட்டால் குறை வீட்டுக்குள்.

வாங்குமுன் செய்ய வேண்டியது

முதலில் எந்த நிறுவனத்தின் அலை உங்கள் வளவுக்கு நன்றாக வருகிறது என்று பாருங்கள். டயலொக், எஸ்.எல்.ரி. மொபிட்டல், ஹச் ஆகியவற்றின் கோபுரங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அமைந்திருப்பதில்லை. பட்டணத்தில் நன்றாக வேலை செய்வது உங்கள் குளக்கட்டுக்குப் பின்னால் வேலை செய்யாமற் போகலாம். அயலவர்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள 4ஜி கைத்தொலைபேசிகள் இருக்கும். அவர்களை அழைத்து, வை-பையை நிறுத்திவிட்டு, வீட்டின் நான்கு பக்கமும் உள்ளும் வெளியும் நடந்து, ஒரே காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள். காலையில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பலர் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்துவதால் வேகம் குறையும். அந்நேரத்தில் எது தாக்குப்பிடிக்கிறதோ அதுவே உங்களுக்கு உகந்தது.

அடுத்து, கடைக்காரரிடம் சில கேள்விகளைத் தயங்காமற் கேளுங்கள். இந்த ரவுட்டர் ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா? இதற்குரிய மாதாந்தப் பக்கேஜ் பதிவு செய்த முகவரியில் மட்டும் இயங்குமா, இடம் மாறினால் கொண்டுபோகலாமா? இடையில் நிறுத்தினால் பணம் கட்ட வேண்டுமா? சொந்த ஊருக்குத் திரும்பும் நாளை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்திற்கு வேகத்தைவிட இக்கேள்விகள் முக்கியமானவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் ரவுட்டர் இங்குள்ள கோபுரங்களின் அலைவரிசையைப் பிடிக்காமற் போவதும் உண்டு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற, உத்தரவாதப் பத்திரமுள்ள பெட்டியை வாங்குவது நன்று.

அன்ரனாக்களை எண்ணி விலை மதிப்பவர்கள் பலர். நான்கு அன்ரனா உள்ளது இரண்டு உள்ளதைவிட இரு மடங்கு தூரம் போகும் என்பது சரியன்று. ரவுட்டர் வெளிவிடும் அலையின் வலுவுக்குச் சட்டப்படி எல்லை உண்டு. அத்துடன் கைத்தொலைபேசியும் ரவுட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். வயலின் ஒரு வரம்பிலிருந்து ஒருவர் உரத்துக் கூப்பிட்டாலும், மறுவரம்பில் நிற்பவரின் குரல் மெல்லியதானால் பேச்சு நடவாது அல்லவா? அதைப்போலத்தான் இதுவும். ஒரு சிறிய வீட்டுக்கு, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளும் உள்ள சாதாரண ரவுட்டரே போதுமானது. வெளியே பூட்டும் அன்ரனாவை இணைக்கும் துளை இருந்தால், கோபுரம் தூரத்திலுள்ள கிராமங்களுக்கு அது பின்னர் உதவும்.

எங்கே வைப்பது?

வை-பை அலை விளக்கின் ஒளியைப் போலப் பரவுகிறது. தூரம் இரு மடங்கானால் வலு காற்பங்காகக் குறைகிறது. குப்பி விளக்கை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அறை இருட்டு என்று யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் நிலத்திலும் வைத்துவிட்டு அலை இல்லை என்கிறோம்.

பலகை, கிடுகு, ஓலை ஆகியவற்றை அலை இலகுவாகக் கடக்கும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் அதனை மெலிவடையச் செய்யும். கம்பி போட்ட கொங்கிறீற் மேலும் தடுக்கும். தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். நீரும் அலையை உறிஞ்சும். ஆதலால் தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டி, இரும்பு அலுமாரி, ஈரம் உலராத நெல் மூட்டை ஆகியவற்றின் பக்கத்தில் ரவுட்டரை வைக்க வேண்டாம்.

தகர வீட்டில் இருப்பவர்கள், கோபுரம் உள்ள திசையைப் பார்த்த யன்னலையோ, தகரம் இல்லாத பக்கத்தையோ தெரிவு செய்ய வேண்டும். அங்கே ஐந்து அல்லது ஆறு அடி உயரத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்து, மழைச்சாரலும் நேர் வெயிலும் குசினிப் புகையும் படாதவாறு ரவுட்டரை வையுங்கள். பின்பு அதனைக் காற்திருப்பம் திருப்பி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சிக்னல் விளக்குகளைப் பாருங்கள். இவ்வாறு நான்கு திசையும் திருப்பிப் பார்த்து, கூடிய விளக்குகள் எரியும் நிலையில் விடுங்கள். ஒரு யன்னலிலிருந்து அடுத்த யன்னலுக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரிவதுண்டு.

வெளியே நீட்டியிருக்கும் அன்ரனாக்களை நிமிர்த்தி வையுங்கள். அலை அன்ரனாவின் பக்கவாட்டில் அதிகமாகவும் நுனியை நோக்கிக் குறைவாகவும் செல்லும். மாடியில்லாத எமது வீடுகளுக்கு நிமிர்ந்த நிலையே பொருந்தும்.

ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருந்தால் அவற்றிற்கு வெவ்வேறு பெயர் கொடுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைந்தது, ஆனால் தூரம் செல்லும். ரவுட்டர் உள்ள அறையில் படிக்கும் பிள்ளை முதலாவதையும், விறாந்தையிலும் முற்றத்திலும் இருப்பவர்கள் இரண்டாவதையும் பயன்படுத்தலாம். அயலில் பல ரவுட்டர்கள் இருப்பின், 2.4 இல் 1, 6, 11 ஆகிய சனல்களில் எது நெரிசல் குறைந்ததோ அதனைத் தெரிவு செய்யுங்கள். இம்மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை.

ஒரே வளவில் இரண்டு வீடுகள்

உறவினர் வளவில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்திருக்கும் இடங்களில், ஒரே இணைப்பைப் பங்கிட விரும்புவார்கள். அலையை வாங்கித் திருப்பி விடும் ரிப்பீற்றர் என்னும் சிறு பெட்டி மலிவானது. ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்குவதும் கொடுப்பதுமாக இருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனை அலை இல்லாத மூலையில் வைப்பது பயனற்றது. அலை ஓரளவு நன்றாக உள்ள நடுவிடத்தில் வைக்க வேண்டும்.

இதனிலும் சிறந்தது வயர். இணைய வயரை 100 மீற்றர் வரை இழுத்து, மறுமுனையில் பழைய ரவுட்டர் ஒன்றை இணைத்தால் வேகம் குறையாது. வயரைக் குழாய்க்குள் செலுத்திப் புதைத்தால் எலியும் மண்வெட்டியும் சேதப்படுத்தா. பணத்தை எவ்வாறு பங்கிடுவது, மாத அளவு முடிந்தால் என்ன செய்வது என்பவற்றை முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். சிம் யாருடைய பெயரில் உள்ளதோ, கேள்வி வந்தால் முதலில் அவரிடமே வரும் என்பதையும் மறக்கலாகாது.

பூட்டும் மின்சாரமும்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுங்கள். வை-பைக்கு ஒன்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்கு ஒன்று என இரண்டு உண்டு. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தெரிவு செய்யுங்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிடுவது, வேலியில்லாத தோட்டத்தில் பயிர் வைப்பது போன்றது.

பல ரவுட்டர்கள் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குவன. மின்தடை வேளையில் இதற்கென விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டி சில மணி நேரம் கைகொடுக்கும். சூரிய மின்கலத் தொகுதியின் 12 வோல்ட் பற்றறியுடன் நேரடியாக இணைக்க வேண்டாம். மின்னேறும்போது அது 14 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து ரவுட்டரைக் கெடுக்கக்கூடும். இடையில் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிறுத்தும் கருவி ஒன்று வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் தொடங்கும் முன்னரே மின் வயரையும் வெளியிலிருந்து வரும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பணச் செலவில்லாதவை. ஒரு மாலை நேரமும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். எந்த யன்னலில், எத்திசையில், எத்தனை விளக்கு எரிந்தது என்று பிள்ளைகளைக் கொண்டே ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். அவ்வாறு செய்தும் பலன் கிட்டாவிட்டால் மட்டுமே புதிய பெட்டிக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி யோசிக்கலாம். நாளை வேறிடத்தில், அல்லது சொந்தக் காணியிலேயே, குடியமரும் நாளிலும் இதே முறைப்படி ஒரு மாலையில் நல்ல இடத்தைக் கண்டுகொள்ளலாம்.