‘க்கோ’ டைப் பண்ணும்போது உள்ளே யார் யார்கிட்ட பேசுறாங்க?

ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ரெண்டு புரோகிராம் எப்படிப் பேசிக்குது? லினக்ஸ்ல தமிழ் டைப் பண்றதையே உதாரணமா எடுத்துக்குவோம்.

எங்க ஊர் திருக்கோகர்ணம். தமிழ்99 கீபோர்டுல இந்தப் பேருக்கு 13 தட்டு; திரையில் வருவது 8 எழுத்து. நடுவுல ‘க்கோ’வைக் கவனிங்க: க, க, ஓ. ரெண்டாவது ‘க’ விழுந்ததும் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானா வந்துடும். இந்த விதி உங்க டெக்ஸ்ட் எடிட்டருக்குத் தெரியாது. தெரிஞ்சது ஐபஸ் எஞ்சினுக்கு. அது தனி பிராசஸ்.

எடிட்டர், ‘இந்தக் கீயைத் தட்டினாங்க’னு ஐபஸ் டீமனுக்குச் சேதி அனுப்பும். டீமன் அதை எஞ்சினிடம் கொடுக்கும். ‘நான் எடுத்துக்கிட்டேன்’ அல்லது ‘எனக்கு வேண்டாம்’ எனப் பதில் வரும். எழுத்து முடிவானதும் ‘இதைப் போடு’னு இன்னொரு சேதி. இவ்வளவும் டி-பஸ் முறையில், யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் வழியா நடக்குது. நெட்வொர்க் பக்கமே போகாது.

‘சாக்கெட் இருக்கே, லைப்ரரி எதுக்கு?’னு கேட்கலாம். சாக்கெட்டில் வருவது வெறும் பைட் ஓட்டம். ஒரு சேதி எங்க முடியுது, இது எண்ணா எழுத்தா, இந்தப் பதில் எந்தக் கேள்விக்கு? இதையெல்லாம் நாமளே எழுதணும். லைப்ரரி அந்த வேலையை ஏத்துக்குது. சி மொழியில் எழுதுறவங்க லிப்-டிபஸ்ஸை நேரடியா தொடாம, ஜி-டிபஸ் அல்லது எஸ்டி-பஸ் எடுத்துக்கிறது நல்லது.

எதை எடுத்தாலும் ஒரு முடிவு உங்களோடது: பதில் வரும் வரை காத்திருக்கிறதா, வேண்டாமா? ஜி-டிபஸ்ஸில் டைம்அவுட் எதுவும் சொல்லலைன்னா, அது காத்திருப்பது 25 விநாடி. எஞ்சின் தொங்கிப்போச்சுன்னா, விண்டோவை வரையுற த்ரெட்ல காத்திருக்கும் உங்க ஆப்பும் அத்தனை நேரம் உறைஞ்சு நிக்கும். காத்திருக்காம விட்டா ஆப் உறையாது. ஆனா பதில் தாமதமாகும்போது அடுத்த தட்டு முந்திக்கிட்டு, எழுத்து இடம் மாறலாம். அதனால தட்டுகளை வரிசையில் வெச்சு, டைம்அவுட்டைக் குறைச்சு, அசிங்க் முறையில் கூப்பிடுங்க.

டெர்மினல்ல டிபஸ்-மானிட்டர் ஓடவிட்டு, மியூசிக் பிளேயர்ல பாஸ் பட்டனைத் தட்டிப் பாருங்க. சேதி ஓடுறது கண்ணுல தெரியும். அடுத்த எபிசோடுல ஷேர்டு மெமரி. சந்திப்போம்!