பழைய ஓவியத்திலிருந்து ஒரு புதிய படம்

பக்கவாதத்திற்குப் பின்னரோ, புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவிலோ மீண்டும் தூரிகையை எடுப்போர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'முன்பு வரைந்த ஓவியங்களை என்ன செய்வது?' கை முன்போல் சொன்னபடி கேட்பதில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயுள்ளன. அலமாரியில் இருக்கும் பழைய ஓவியங்களின் உறுதியான கோடுகள் இன்றைய கையைக் குறை கூறுவதுபோல் தோன்றுகின்றன. சிலர் அவற்றைக் கண்ணில் படாதவாறு மறைத்து வைக்கின்றனர். சிலர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட நினைக்கின்றனர்.

இவ்விரண்டும் அல்லாத வழி ஒன்று உள்ளது. அந்த ஓவியங்களையே வெட்டியும் கிழித்தும் ஒட்டி, அவற்றின்மேல் வண்ணம், துணி, நூல் ஆகியவற்றைச் சேர்த்துப் புதிய படம் ஒன்றை உருவாக்கலாம். இதனைக் கலப்பு ஊடக ஓவியம் என்பர். நம் வீடுகளுக்கு இது அயலான எண்ணமன்று. பாட்டியின் பழைய பருத்திப் புடவை பேரக்குழந்தைக்குத் தூளியாகும்போது, புடவை போயிற்று என்று யாரும் வருந்துவதில்லை.

இவ்வழியில் நெடுந்தூரம் சென்றவர் அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் (1908–1984). நியூயார்க் நகரில் 1951-ஆம் ஆண்டு அவர் நடத்திய தனிக் கண்காட்சி எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதன்பின் சில ஆண்டுகளில், தம் ஓவியக்கூடச் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் மீது வெறுப்புற்று, அவற்றைக் கிழித்துத் தரையில் எறிந்துவிட்டு வெளியேறினார். பல நாட்கள் அவ்வறைக்குள் அவர் செல்லவில்லை. மீண்டும் கதவைத் திறந்தபோது, தரையில் கிடந்த துண்டுகள் தமக்குள் புதிய உறவு கொண்டிருப்பதைக் கண்டார். அத்துண்டுகளை ஒட்டத் தொடங்கினார். விற்காமல் திரும்பிய 1951-ஆம் ஆண்டு ஓவியங்களே பின்னர் அவருடைய பெரிய ஒட்டுப்படங்களுக்கு அடித்தளமாயின. அவை 1955-இல் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கிராஸ்னரின் வாழ்க்கையில் நோயும் குறுக்கிட்டது. 1962-இன் இறுதியில் மூளை இரத்தக்குழாய் வீக்கத்தால் பாதிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு கீழே விழுந்து வலக்கை முறிந்தது. இடக்கையால் வரையப் பழகி, தம் பணியைத் தொடர்ந்தார்.

அறுபத்தெட்டாம் வயதில், 1976-இல், அவர் மீண்டும் கத்தரிக்கோலை எடுத்தார். இம்முறை வெட்டியவை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மாணவியாக இருந்தபோது வரைந்த கரிக்கோல் சித்திரங்கள். அவற்றில் சிலவற்றை அப்படியே பாதுகாத்தார். மற்றவற்றைக் கூரிய விளிம்புகளுடன் வெட்டி, பெரிய ஓவியத்துணிகளில் ஒட்டினார். அந்த வரிசைப் படைப்புகளுக்கு வினைச்சொல் இலக்கணத்திலிருந்து தலைப்புகள் சூட்டினார்: ஒன்று 'ஏவல்', வேறு சில இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் குறிப்பவை. இளமையில் வரைந்த கோடு முதுமையில் செய்த படத்தின் பகுதியாகும்போது, காலங்கள் ஒரே தாளில் சந்திக்கின்றன.

நோயுற்றோருக்கு இம்முறை ஏற்றதாக இருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. வெற்றுத்தாளின் முன் அமரும் தயக்கம் இதில் இல்லை. நுட்பமான கோடு ஏற்கனவே அங்கு உள்ளது. அதனை வரைந்தவரும் நீங்களே. இன்று உங்களிடம் வேண்டப்படுவது நடுங்காத கையன்று, இத்துண்டு எங்கே அமர வேண்டும் என்னும் முடிவு மட்டுமே. அம்முடிவை எடுக்கும் கண் உங்களிடம் உள்ளது.

தொடங்குமுன் எல்லா ஓவியங்களையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர் மூன்றாகப் பிரியுங்கள்: தொடாமல் வைக்க வேண்டியவை, வெட்டத்தக்கவை, இன்னும் முடிவு செய்யாதவை. மனம் ஒப்பாத ஓவியத்திற்கு ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை வெட்டலாம். துண்டுகளை அட்டைமேல் பரப்பி, ஒருநாள் அப்படியே விட்டு, மறுநாள் பார்த்தபின் ஒட்டுங்கள். மைதாப் பசை பூச்சியையும் பூஞ்சையையும் ஈர்க்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையே நல்லது. நீர்வண்ண ஓவியமாயின், வண்ணம் கரையாதிருக்கப் பசையைப் பின்புறம் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு கையால் பணிபுரிவோர் தாளின் ஓரத்தை மேசையில் டேப்பால் ஒட்டிக்கொண்டால், மறுபுறத்தை எளிதாகக் கிழிக்கலாம்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும், விரல்களில் உணர்வு குன்றியோரும் கூரிய கத்தரிக்கோலையும் பிளேடையும் தவிர்க்க வேண்டும். கையால் கிழித்த விளிம்புக்கும் தனி அழகு உண்டு. வெள்ளையணுக்கள் குறைந்துள்ள காலத்தில் பூஞ்சை படிந்த பழைய தாள்களைத் தொடாதீர்கள். அலமாரியைத் திறந்து தூசி தட்டும் வேலையை வீட்டில் வேறொருவர், நோயாளி இல்லாத இடத்தில் செய்யட்டும். தின்னர், ஸ்பிரே வண்ணங்கள் ஆகியன நோயாளியின் அறைக்கு ஏற்றவையல்ல. ஐயம் எழுந்தால் உங்கள் செவிலியரிடம் கேளுங்கள்.

உடனிருந்து பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள். எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை ஓவியரே முடிவு செய்யட்டும். 'ஐயோ, இதையா வெட்டுகிறீர்கள்!' என்று தடுக்கவும் வேண்டா. அவர் உறங்கும்போது ஒழுங்குபடுத்துகிறோம் என்று துண்டுகளைக் கூட்டித் தள்ளவும் வேண்டா. உணவு வேளை, மாத்திரை வேளை, பரிசோதனை நேரம் எனப் பெரும்பாலானவற்றைப் பிறர் முடிவு செய்யும் நாட்களில், இந்த ஒரு மேசை அவருடையதாக இருக்கட்டும்.

எல்லாரும் இதனைச் செய்தாக வேண்டும் என்பதில்லை. சிலருக்குப் பழைய ஓவியம் பழையபடியே இருப்பதுதான் ஆறுதல், அதுவும் நியாயமே. வெட்ட விரும்புவோர் இன்று மிகச் சிறிய ஓவியம் ஒன்றையும் அஞ்சலட்டை அளவுள்ள அட்டை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின், பின்புறத்தில் இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள்: முதலில் வரைந்த நாள், மீண்டும் படைத்த நாள்.