காட்டைக் காப்பதும் மனிதரை மறப்பதும்: மடுல்கெல்லவிலிருந்து நக்கிள்ஸைப் பார்த்தல்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு கோடு. கீழே தேயிலை, அதற்கு மேலே கரும்பச்சையாகக் காடு. இரண்டுக்கும் நடுவே யாரோ அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் எல்லை. மேலே இருப்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். சிங்களத்தில் தும்பர. முஷ்டி பிடித்த கையின் விரல் முட்டிகளைப் போலச் சிகரங்கள் தெரிவதால் ஆங்கிலேயர் அதற்கு அப்பெயரை வைத்தார்கள்.

அந்தக் கோடு இயற்கையாக வந்ததல்ல. அது எப்படி வந்தது, அதன் கீழே வாழ்பவர்களுக்கு என்ன நடந்தது, வன்னியில் காணிக்காக இன்றும் அலைபவர்களுக்கு அந்தக் கதை ஏன் முக்கியமானது என்பதை இங்கே விளக்க முயல்கின்றேன்.

முதலில் காட்டின் பெறுமதியைச் சொல்லிவிட வேண்டும். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்த்து ‘இலங்கையின் மத்திய மலைநாடு’ என்ற பெயரில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. மூன்றும் சேர்ந்து 56,844 ஹெக்டயர். அதில் நக்கிள்ஸ் மட்டும் 31,305 ஹெக்டயர். அதாவது பாதிக்கும் மேல். உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இங்கே உண்டு. கொஃபோடிஸ் தும்பரா என்ற சிறிய ஓணான் 2006இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அது இந்த மலையை விட்டு வேறெங்கும் இல்லை. உச்சிகளில் ஓயாமல் காற்று அடிப்பதால் மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. ஆள் உயரத்தைக்கூட எட்டாத மரம் பல பத்தாண்டு வயதுடையதாக இருக்கலாம். பழங்காடு என்றால் வானளாவிய மரங்கள் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். முகில் வந்து இலைகளில் படிந்து, பாசியில் ஊறி, சொட்டுச் சொட்டாக இறங்குகின்றது. மடுல்கெல்லப் பக்கத்தில் ஓடும் ஹுலு கங்கை மகாவலியில் சேர்ந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. மகாவலி கடைசியில் கடலைத் தொடுவது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில். மூதூரில் ஒருவர் ஆற்றைப் பார்க்கும்போது, இந்த மலையின் மழையில் ஒரு பங்கையும் பார்க்கின்றார்.

இனி அந்தக் கோட்டின் கதை. மடுல்கெல்ல என்ற பெயரிலேயே காடு இருக்கின்றது. ‘கெலே’ என்றால் சிங்களத்தில் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிக்காக அந்தக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. வெட்டியதும் நட்டதும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் காலராவாலும் பசியாலும் மாண்டவர்களின் எண்ணிக்கை சரியாக எழுதப்படவே இல்லை.

மலையுச்சி வரை வெட்டினால் ஆறுகள் வற்றும் என்ற அச்சம் பிறகு வந்தது. 1873இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். காப்பாற்றப்பட்டது உயரமும் குளிரும் செங்குத்தும் நிறைந்த பகுதி. கீழே இருந்த வளமான காடு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோதும் கோடு மாறவில்லை. நாம் இன்று ‘மனிதக் கை படாத காடு’ என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி, தோட்டத்துரைமாருக்குப் பயன்படாது என்று விடப்பட்ட மிச்சமே.

அந்த மிச்சமும் கை படாதது அல்ல. நிழல் மரங்களை விட்டுவிட்டு, கீழ்ச்செடிகளை அகற்றி, ஏலம் பயிரிட்டார்கள். ஏலக்காயை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அங்கிருந்தே வந்தது. கன்றுகள் முளைக்க இடமில்லாமல் போனால், பெரிய மரம் சாயும்போது அந்த இடத்தை நிரப்ப மரம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் காடு போல இருக்கும், உள்ளே பிள்ளைகளற்ற கிராமம் போல முதுமையடைந்துகொண்டிருக்கும். எனவே 1980களில் ஏலச் செய்கைக்குத் தடை வந்தது. அறிவியல்ரீதியாக அது சரியான முடிவு. ஆனால் அதனால் வருமானம் இழந்தவர்களில் பெரிய குத்தகைக்காரர்களும் இருந்தார்கள், சேனையும் ஏலமும் தவிர வேறு வழியில்லாத சிங்களக் கிராமத்தவர்களும் இருந்தார்கள், காய் பறிக்கப் போன கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே தடைதான். அதன் வலி ஒன்றல்ல.

தோட்டத் தமிழருக்கு இன்னுமொரு இழப்பு அதற்கு முன்பே நடந்திருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் பலர் வேலையையும் லயன் அறையையும் இழந்தார்கள். பட்டினி வந்தது. 1977 ஓகஸ்ட் வன்முறை மிச்சமிருந்தவர்களையும் விரட்டியது. அவர்கள் வடக்கு நோக்கி நடந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோர் வந்த அதே வழியில், எதிர்த் திசையில். காந்தியம் போன்ற அமைப்புகள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவர்களைக் குடியமர்த்த உதவின. இதை வாசிப்பவர்களில் சிலரின் தாத்தா பாட்டி இந்த மலைகளிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம்.

அங்கும் அவர்களைக் காணிப் பிரச்சினை விடவில்லை. மணலாற்றுப் பக்கம் டொலர் பண்ணை, கென்ற் பண்ணையில் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியேற்றப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டனர். பிறகு அந்தப் பிரதேசம் மகாவலி ‘எல்’ வலயமானது. மகாவலியின் தண்ணீர் இன்னும் அங்கு போகவில்லை. மகாவலியின் பெயரும் அதிகாரமும் போய்விட்டன.

போருக்குப் பின் வன்னியில் வேறொரு பெயர் அடிக்கடி கேட்கின்றது: வனவளத் திணைக்களம். இடம்பெயர்ந்தவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் திரும்ப முடியாதபோது வயலிலும் வளவிலும் பற்றை மண்டியது. பற்றை காடானது. காடு வர்த்தமானியில் ஏறியது. திரும்பி வந்தவர் தனது கிணற்றடியில் எல்லைக்கல்லைக் கண்டார். இப்படிப்பட்ட முறைப்பாடுகள் முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஏராளம். அதனால் ‘காடு பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் நக்கிள்ஸையும் அந்தக் கிணற்றடியையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. ஒன்று பல்லாயிரம் ஆண்டுக் காடு. மற்றது போரினால் வளர்ந்த பற்றை. வேறுபாட்டைக் கண்டறிய முடியும். மரங்களின் வயது, பழைய வான்படங்கள், உறுதிகள், வாக்காளர் இடாப்பு, கோயில், கிணறு, மா, பலா, தென்னை எல்லாம் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சிகளைக் கேட்காமல் கோடு இழுப்பதுதான் பிரச்சினை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் அல்ல. ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவுகள் கோடையில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போய் துடுப்புப் படகு வலிக்கும் படங்களை அனுப்புகின்றார்கள். 1893இல் உருவாக்கப்பட்ட அந்தப் பூங்காவில் 2,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட படகுவழிகள் உள்ளன. அதற்கும் வடக்கே தெமகாமியில், ஒருபோதும் வெட்டப்படாத செம்பைன், வெண்பைன் காடுகள் இருக்கின்றன. அங்கே ஏரிக்கு ஏரி படகைத் தூக்கிச் செல்லும் பாதைகளை முதலில் உண்டாக்கியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான தெமே-அவுகமா அனிஷ்னபே மக்கள். 1973இல் அவர்கள் தமது நிலத்துக்கு உரிமை கோரி, பதிவேட்டில் தடைக்குறிப்பு இட்டார்கள். 1988, 1989இல் மரம் வெட்டுவதற்கான வீதியை அவர்கள் மறித்தார்கள். சூழலியலாளர்களும் அங்கே மறியல் செய்தார்கள். 1989இல் அங்கு கைதானவர்களில் ஒருவர் பொப் ரே. அடுத்த ஆண்டே அவர் ஒன்ராறியோவின் முதலமைச்சரானார். 2009 ஜூனில் கொழும்பு விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அதே பொப் ரேதான்.

1991இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்த மக்களின் பூர்வீக உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அரசு அவர்களுக்குரிய கடமைகளைச் செய்யத் தவறியது என்று கூறியது. இதில் நமக்கொரு பாடம் உண்டு. அங்கே மரத்துக்காகப் போராடியவர்களும் நிலத்துக்காகப் போராடியவர்களும் ஒரே வீதியில் நின்றார்கள். அவர்களிடையே பூசல்கள் இருந்தன. ஆனாலும் ஒருவர் கோரிக்கையை மற்றவர் எதிரியாக்கவில்லை.

மடுல்கெல்லவில் அப்படியொரு சேர்க்கை இன்னும் உருவாகவில்லை. நக்கிள்ஸைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களில் முகிலும் அருவியும் தேயிலைக் கொழுந்தும் வருகின்றன. கொழுந்து பறிப்பவர் படத்தில் இருப்பார், பேச்சில் இருக்கமாட்டார். அவருக்குத் தான் குடியிருக்கும் லயனின் நிலம்கூடச் சொந்தமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் மீண்டும் இடிந்தன. அபாயப் பகுதியிலிருந்து எழும்பிப் போ என்று சொல்லப்படுகின்றது. எங்கே போவது? மேலே காடு, அது தொடக்கூடாதது. கீழே தேயிலை, அது கம்பனியினதோ அரசினதோ. நடுவில் இருப்பவருக்குக் கோடு மட்டும்தான்.

காட்டை வெட்டிக் காணி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சரிவைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் காட்டின் வேர்கள்தான். காட்டுக்குக் கீழே, கைவிடப்பட்ட தேயிலையில் பாதுகாப்பான இடங்களை அளந்து, உறுதியோடு வீட்டுக்காணி கொடுக்கலாம். மிகச் செங்குத்தான தேயிலைச் சரிவுகளை உள்ளூர் மரங்களுக்குத் திருப்பி, அந்த நாற்றுமேடைகளில் தோட்டத்து இளைஞருக்கு வேலை கொடுக்கலாம். வழிகாட்டிகளாகவும் வனக் காவலர்களாகவும் அவர்களைச் சேர்க்கலாம். அறிவித்தல் பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் இருக்கலாம். எல்லை அளக்கும் நாளில் அங்கு வாழ்பவரை அழைக்கலாம்.

வன்னியில் நாம் கேட்பதும் இதுவேதான். கோட்டை இழுங்கள், ஆனால் எங்களையும் கூட்டிவைத்து இழுங்கள். மலையிலும் வன்னியிலும் இருப்பவர்கள் இதைச் சேர்ந்து கேட்டால், காட்டுக்கு எதிரானவர்கள் என்று நம்மை ஒதுக்கிவிடுவது எளிதாக இருக்காது.