காரின் இருக்கையில் சிந்தினால்…

கடையில் வாங்கிய பினாயில், பிளீச், கழிவறை ஆசிட் முதலியவை வீடு வந்து சேருமுன் காரின் இருக்கையில் சிந்திவிடுவதுண்டு. கையில் கிடைத்ததை ஊற்றித் தேய்க்க நாம் விரைகிறோம். அது தவறு. சிந்தியது எது என்று முதலில் அறிய வேண்டும்.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதன் நெடியைப் போக்க வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றினால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். ஆசிட் பட்டாலும் அவ்வாறே. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. ஆதலால் மூடிய காருக்குள் தாழ்ந்து தங்கிவிடும். கண்ணும் தொண்டையும் எரியும். அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே கதவுகள் அனைத்தையும் திறந்து வைப்போம். ரப்பர் கையுறை அணிந்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்போம். தேய்த்தால் திரவம் பஞ்சுக்குள் இறங்கிவிடும். பிளீச்சானால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்ற வேண்டும். வெளுத்த நிறம் மட்டும் திரும்பாது. ஆசிட்டானால் சமையல் சோடாவைத் தூவி, பொங்குவது அடங்கியபின் ஈரத்துணியால் துடைக்கலாம். பினாயிலின் எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீர் பிரித்தெடுக்கும். துணி உலர்ந்தபின் எஞ்சும் வாடைக்குச் சமையல் சோடாவை இரவு முழுவதும் தூவி வைத்து, காலையில் தட்டி அகற்றலாம். வாசனைத் தைலம் வாடையை மறைக்குமேயன்றி நீக்காது.

பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தே சிந்திவிட்டால் துணியைத் தேடாமல், உடனே இறங்கி விலகி நிற்போம். இருக்கையை மாற்றிக்கொள்ளலாம், நுரையீரலை மாற்றுவது எளிதோ?