மலை தாண்டிய காகிதங்கள் – 17: வலது காது தெரியணும்

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மண்டபம் முகாமும் தகர டிக்கெட்டும் போன வாரத்தோடு முடிந்தன. தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லை ஒரு தொழிலாளியின் முகவரியாக இருந்த காலத்தைத் தாண்டி, முகமே காகிதத்தில் ஏறிய காலத்துக்கு வந்துவிட்டோம். குடியுரிமை விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படத்தில் தொடங்கி, கலெக்டர் ஆபீஸ் வழியாக டெல்லி வரை இந்த வாரமே போய்விடலாம் என்று சொல்லியிருந்தேன். புகைப்படத்தைத் தாண்ட முடியவில்லை. காரணம் ஒரு காது.

2004 வரை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கிற படத்தில் கேமராவை நேராகப் பார்க்கக் கூடாது. முகத்தை முக்கால் பாகமாகத் திருப்பி, வலது காது முழுசாகத் தெரியும்படி உட்கார வேண்டும். முடி காதின் மேல் விழுந்தால் படம் திரும்பி வரும். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் நேர்முகப் படத்துக்கு மாறினார்கள். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று கடல் தாண்டிய பிள்ளைகளின் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்டுத் திரும்பியதுபோல ஒரு சின்னப் படம் எங்காவது சொருகியிருக்கும். ஸ்டுடியோக்காரர் தப்பாக எடுத்துவிட்டார் என்று அம்மாக்கள் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

ஏன் காது, அதிலும் ஏன் வலது காது? இந்தக் கேள்வி என்னைப் பாரிஸ் போலீஸ் வரை இழுத்துக்கொண்டு போனது. அங்கே 1879இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். பிடிபட்டவன் பெயரை மாற்றிச் சொன்னால் பழைய குற்றவாளியா புதியவனா என்று கண்டுபிடிக்க வழியில்லாத காலம். பெயர் மாறும், தாடி மாறும், எலும்பு மாறாது என்று அவர் முடிவு கட்டினார். தலையின் நீளம், தலையின் அகலம், இடது நடுவிரல், இடது பாதம், இடது முன்கை என்று பதினோரு அளவுகளை வகுத்தார். பெரும்பாலும் இடது பக்கத்தையே அளந்தவர், காதுக்கு மட்டும் வலது பக்கம் போனார். மனிதக் காது பிறப்பிலிருந்து சாவு வரை வடிவம் மாறாது, ஒருவர் காதுபோல் இன்னொருவருக்கு இருக்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போலீஸ் எடுக்கும் இரட்டைப் படத்துக்கு ஒழுங்கு வகுத்தவரும் அவர்தான்.

இவ்வளவு கறாரான மனிதர் 1894இல் ட்ரேஃபஸ் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் வழக்கில் கையெழுத்து நிபுணராகக் கூண்டில் ஏறி, அந்த அதிகாரி எழுதாத கடிதத்தை அவர்தான் எழுதினார் என்று சாட்சி சொன்னார். ட்ரேஃபஸ் குற்றவாளி என்ற தீர்ப்பு முழுசாகத் திருத்தப்பட 1906 வரை ஆனது. இந்தியாவில் அவருடைய அளவுக் கணக்கைக் கைரேகை தோற்கடித்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோதே பெர்த்தியோன் முறைக்கு முடிவு ஆரம்பமாகிவிட்டது. ஆனாலும் குற்றவாளிக்கென்று கண்டுபிடித்த அந்தக் காது, குடியுரிமை கேட்டு வந்த குடும்பஸ்தர்களின் படத்தில் இன்னும் நூறு வருஷம் உட்கார்ந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். சந்தேகப்பட்டுத்தான் அரசு முதலில் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெர்த்தியோன் ஒருமுறை நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்திருக்க வேண்டும். மாறாத காது என்ற பேச்சையே விட்டிருப்பார். நம் பக்கத்துக் கிழவிகளுக்குக் காது பிறந்தபடி இருந்ததில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குத்தி, பஞ்சு வைத்து, குனுக்குப் போட்டு இழுக்கவிட்டு, தோளைத் தொடும் வரை வளர்த்தார்கள். அதில் தண்டட்டி தொங்கும், பாம்படம் தொங்கும். நடந்தால் கழுத்தில் இடிக்கும். அப்புறம் காலம் மாறியது. வளர்த்த காது கேலிக்குரியதாகிப்போக, அதை அறுத்துத் தைத்துக்கொண்டு சின்னக் கம்மல் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஒரே பெண்மணிக்கு நாற்பது வயதில் ஒரு காது, ஐம்பது வயதில் வேறு காது. காதின் மேல்மடல் அப்படியேதானே இருக்கிறது என்று நிபுணர்கள் சொல்லலாம். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் மேல்மடலை அளக்க மாட்டார். படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார்.

நம் அரசு காதை நம்பவில்லை, மச்சத்தை நம்பியது. பள்ளிக்கூடச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு மச்சம் எழுதுவார்களே, அதைச் சொல்கிறேன். வாத்தியார் சட்டைக் கையை மேலே சுருட்டச் சொல்லித் தேடுவார். கிடைக்காதவனுக்கு முழங்காலில் விழுந்து எழுந்த தழும்பு கைகொடுக்கும்.

அந்த மச்சம் கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் குறுக்கே வந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பதி. ஊரில் இருக்கும்போதே மனைவியின் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துவிடலாம் என்று வந்திருந்தார்கள். ஸ்டுடியோ அண்ணன் பழக்கதோஷத்தில் திரையில் முகத்தை வெளுப்பாக்கினார், கன்னத்தைத் துடைத்தார், மூக்கின் ஓரத்து மச்சத்தின் மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கினார். மச்சம் காணாமல் போனது.

“அண்ணே, அத எதுக்கு எடுத்தீங்க? அது இல்லாட்டி அங்க நான் நானில்லண்ணே” என்றது அந்தப் பெண்.

“நல்லாருக்கும்னு பண்ணேம்மா. எல்லாரும் கேப்பாக” என்று சொல்லிக்கொண்டே திருப்பி வைத்தார்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடியுரிமைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகிற படத்தில் யாருடைய நிறத்தையும் மாற்றக் கூடாது. தழும்பு, மரு, மச்சம் எதையும் அழிக்கக் கூடாது. எந்த நாடும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அழகாக்கித் தருகிறோம் என்று நல்ல மனசோடு செய்கிற வேலைதான், ஆனால் அதனால் விண்ணப்பம் திரும்பி வந்தால் மாதக்கணக்கில் காத்திருப்பது அந்தக் குடும்பம். நம் கறுப்பு, படத்தில் கறுப்பாகவே இருக்கட்டும்.

அடுத்த சிக்கல் அளவில் வந்தது. அவரிடம் இருந்த வெட்டும் மெஷின் பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் இரண்டுக்கும்தான் வாகானது. கனடா குடியுரிமைக்கு 50 மில்லிமீட்டர் அகலம், 70 மில்லிமீட்டர் உயரம். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மில்லிமீட்டர். அண்ணன் ஸ்கேலை எடுத்து, பிளேடால் கோடு பிடித்து அறுத்தார். முதல் பிரதியில் ஒரு ஓரம் சாய்ந்துவிட்டது, அதை ஒதுக்கினார். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்காரர் விதித்தாளைக் காட்டினார்: படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி இருக்க வேண்டும். அண்ணன் மேஜை டிராயரைக் குடைந்து, மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்பைத் தேடியெடுத்து, வாயால் ஊதி ஈரமாக்கி, பழைய பில் புத்தகத்தில் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுப் படத்தின் முதுகில் பதித்தார். “இத்தனை வருஷத்துல என் சீலைக் கேட்ட ஒரே நாடு இதான் சார்” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. படம் எடுத்தவர் யார் என்று ஒரு அரசாங்கம் கேட்கிறது என்றால், அவர் வேலைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கேள்வி வேறு. எடுத்தவர் யார் என்பதை விட, படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர் யார் என்று பார்க்கிறார்கள். விண்ணப்பதாரரைக் குறைந்தது ஓராண்டாகத் தெரிந்த, குறிப்பிட்ட தொழில்களில் இருக்கிற ஓர் ஆஸ்திரேலியக் குடிமகன், இது இன்னாருடைய உண்மையான படம் என்று பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் பத்திரப் பதிவுக்குத் தெரிந்த ஆளைச் சாட்சிக்குக் கூட்டிப்போகிற அதே முறை.

அமெரிக்காவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. இங்கேதான் பல வீடுகளில் தடுமாறுகிறார்கள். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டு, உடனே இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு எழுதுவார்கள். அதற்கும் அதே சதுரம்தானே என்று மீதமிருக்கும் படத்தை ஏற்றுவார்கள். ஓசிஐ விதியில் பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரே முகம், ஒரே அளவு, சுவர் மட்டும் வேறு. சிரிப்பிலும் வித்தியாசம் உண்டு. இயல்பான புன்னகையை அமெரிக்கா விட்டுவிடும். கனடா உதட்டை மூடச் சொல்லும்.

இப்போது இலங்கையின் கண்டிக்கு, அங்கே தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழர்களின் கதைக்கு வருவோம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவானதும், தோட்டத்துக் குடும்பங்கள் கேமரா முன்னால் வரிசை கட்டின. அந்தக் காலத்து இந்தியப் பாஸ்போர்ட்டை விரித்தால் முகங்களுக்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று உரியவருக்கு. இன்னொன்றில் ‘மனைவி’ என்று அச்சடித்திருக்கும். கொழுந்து பறித்து வீட்டைக் காப்பாற்றியவள் தன் பெயரில் உரியவளாக இல்லை, மனைவிக்கான கட்டத்தில் இருந்தாள். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டமும் கிடையாது. பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்று ஆளுக்கு ஒரு வரி.

அப்படி ஒரு வரியாகக் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, நம் பள்ளத்தாக்கில் குடியேறி, விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் இந்தியக் குடிமக்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தன் முகமும் தான் கடல் தாண்டி வந்த வரலாறும் சேர்ந்து நிற்கிற ஒரு காகிதம் இவர்களிடம் கிடையாது. ஆதாரம் கேட்டால் காட்டப் பல வீடுகளில் அப்பாவின் பாஸ்போர்ட் ஒன்றுதான். அது கரையான் அரித்த வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. போதாததற்கு, பழைய காகிதங்களில் மதுரை மாவட்டம் என்றிருக்கும். 1996இல் தேனி தனி மாவட்டமான பிறகு வந்தவற்றில் தேனி என்றிருக்கும். இரண்டும் ஒரே ஊர் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். முகம் இருக்கிற பக்கத்தையும் பிள்ளைகள் பெயர் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

1984இல் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி வர வேண்டியவர்களிலும் ஒரு பகுதியினர் அதற்குப் பிறகு கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தார்கள். அவர்களிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, கட்டமும் இல்லை, வரியும் இல்லை. உத்தமபாளையம் உட்படத் தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களின் முகம் முகாம் அட்டையில் இருக்கிறது. ஆனால் முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லும் குடியுரிமைச் சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு அவருடைய விண்ணப்பத்துக்கே வழி விடவில்லை. முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அவர்கள் விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்கு 2022இல் அதே மதுரைக் கிளை பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் முதல் ஓட்டைப் போட்டார். நாற்பது ஆண்டுகளாக முகாமில் இருப்பவர்களிடம் படம் சரியில்லை, காகிதம் சரியில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமே இல்லை.

சின்னமனூரிலும் கூடலூரிலும் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். மேலே சொன்ன அளவுகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், விதி மாறும்போது மாற்றி எழுதுங்கள்.

கலெக்டர் ஆபீஸ் அப்படியே நிற்கிறது. நீண்டகாலம் வசித்ததைக் காட்டி இந்தியக் குடியுரிமை கேட்பவர், தான் விண்ணப்பிக்கப்போவதை ஊர் அறிய நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அந்தத் துண்டை வெட்டி மனுவோடு இணைக்க வேண்டும். அவருடைய நன்னடத்தைக்கு இந்தியர் இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தமிழ்போல ஓர் இந்திய மொழி தெரியும் என்பதற்கும் சான்று காட்ட வேண்டும். அந்த விளம்பரத்தையும் சாட்சிகளையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தேனி கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம்.

(தொடரும்)