வாயிலில் வைத்த கரண்டி

கலை என்பது கண்ணுக்கு இன்பம் தருவதற்கே என்று கருதுவோர் பலர். ஆயின் எஃகு, புட்டி, காகிதம் எனக் கைக்கு அகப்படும் பொருள்களைக் கூட்டிச் செய்யும் இக்காலக் கலையில், காண்போரை நிறுத்திக் கேள்வி கேட்கும் வகையும் ஒன்றுண்டு. போதைப் பழக்கம் குறித்து அமெரிக்காவில் எழுந்த இரு படைப்புகளை இங்கே காண்போம்.

1996ஆம் ஆண்டில் பர்டியூ பார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்னும் வலிநீக்கி மாத்திரையை விற்கத் தொடங்கியது. அஃது அபினி இனத்தைச் சேர்ந்தது. அதன் பழக்கமூட்டும் தன்மையைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றத்தை, அந்நிறுவனத்தோடு இணைந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் வீழ்ந்தவர் பலர்.

ஹெராயினைக் கரண்டியிலிட்டு, நெருப்பிற் காட்டிக் கரைத்து, ஊசியில் ஏற்றுவது வழக்கம். ஆதலின் கரிந்த கரண்டி அக்குடும்பங்களுக்கு அச்சத்தின் அடையாளம். சிற்பி டொமினிக் எஸ்பொசிட்டோவின் உடன்பிறந்தவரும் இப்பழக்கத்திற்கு ஆளானவரே. 2018 ஜூனில் அச்சிற்பி, காம்பு வளைந்து குழி கரிந்த எஃகுக் கரண்டியொன்றைச் செய்தார். ஏறத்தாழ 10 அடி நீளமும் 800 இராத்தல் எடையும் உடைய அக்கரண்டி, ஸ்டாம்ஃபோர்டு நகரில் அந்நிறுவனத்தின் தலைமை நிலைய வாயிலில் வைக்கப்பட்டது. அதிகாரிகள் அன்றே அதனை அகற்றினர். உடனிருந்த கலைக்கூட உரிமையாளர் கைதானார்.

புகைப்படக் கலைஞர் நான் கோல்டின் அம்மாத்திரைக்குத் தாமே அடிமையாகி மீண்டவர். நிறுவன உரிமையாளரான சாக்ளர் குடும்பத்தின் பெயர் பல அருங்காட்சியகங்களை அணிசெய்தது. 2018 மார்ச்சில் அவரும் தோழர்களும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய பகுதியிலுள்ள நீர்நிலையில் மருந்துப் புட்டிகளை வீசி, பிணங்களைப்போலத் தரையிற் கிடந்தனர். 2019இல் பாரிஸ் லூவரும், 2021இல் மெட்ரோபாலிடனும் அப்பெயரை நீக்கின.

போதை எதிர்ப்புப் படங்கள் பெரும்பாலும் மண்டையோட்டையும் ஊசியையும் காட்டி, நோயாளியையே குற்றவாளி ஆக்குகின்றன. இப்படைப்புகளோ விற்றவன் யார் என்று வினவுகின்றன. இவற்றால் எவருக்கும் நோய் தீர்ந்துவிடவில்லை. எனினும், வீட்டிலே மறைத்து வைத்த கரண்டியை விற்றவரின் வாயிலில் வைத்தபோது, வெட்கப்பட வேண்டியவர் எவர் என்பது ஊரறியத் தெரிந்தது. நம்மிடையேயும் அவ்வெட்கத்தால் வாய் திறவாத பெற்றோர் உளர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.